விண்கல்லுக்குள் அமினோ அமிலம்: சமைத்தது யார்?

சென்ற மாத அறிவியல் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசன் விண்கல் பற்றி ஒரு சிறு குறிப்பு போட்டிருந்தோம். அந்தக் கல்லுக்குள் அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்ற ஒரு வரிதான் கடிதங்களைக் கொண்டுவந்து குவித்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கரிமச் சேர்மம் என்றால் உயிரிலிருந்து வந்தது என்றுதான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விண்கல்லில் அது இருந்தால் அங்கே உயிர் இருந்தது என்றுதானே பொருள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல்)

பதில்: இல்லை ஐயா. இன்று வேதியியலில் கரிமச் சேர்மம் என்பது கரி அணுவை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மம், அவ்வளவே. பெயர் மட்டும் பழைய நம்பிக்கையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நம்பிக்கையை 1828-இல் அசைத்தவர் ஜெர்மானியர் வோலர். யூரியாவைச் சிறுநீரகத்தின் உதவியில்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். வேடிக்கை என்னவென்றால், 1857-இல் ஹங்கேரியில் விழுந்த காபா விண்கல்லை ஆராய்ந்து அதில் கரிமப் பொருளைக் கண்டவரும் இதே வோலர்தான். அப்போது அவரே அது உயிரிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதினார். ஆகவே நீங்கள் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில் வெட்கப்பட எதுவுமில்லை.

உயிர் செய்ததா, வெறும் வேதிவினை செய்ததா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி, என்னென்ன இருக்கிறது என்று எண்ணுவது. நான்கு கரி அணுக்களும் ஒரு அமினோ குழுவும் ஒரு அமிலக் குழுவும் கொண்ட அமினோ அமிலத்தை ஐந்து விதமாக அடுக்கலாம். முர்ச்சிசனில் அந்த ஐந்தும் இருக்கின்றன. நம் உடலின் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது. உயிர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யும். முர்ச்சிசனில் அப்படிப் பொறுக்கிய அடையாளமே இல்லை. வாய்ப்புள்ள அடுக்குகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. கரி அணுக்கள் கூடக் கூட அளவு படிப்படியாகக் குறைகிறது. துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்த பொருளின் லட்சணம் அது.

கேள்வி: அப்படியானால் எங்கே உருவானது? விண்வெளியிலா, கல்லுக்குள்ளேயா? வினையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எஸ்டிபிஎம் தேர்வுக்கு வேதியியல் எடுத்திருக்கிறேன். (மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: உளுந்து ஒரு கடையில் வாங்கியது, அரைத்தது ஒரு வீட்டில், சுட்டது வேறொரு அடுப்பில் என்றால், தோசை எங்கே உருவானது என்று கேட்டால் எதைச் சொல்வது? இதுவும் அந்தக் கதைதான். மூன்று இடங்கள், மூன்று காலங்கள்.

முதல் இடம், சூரியன் பிறப்பதற்கு முன்னால் இருந்த குளிர்ந்த வாயு மேகம். வெப்பநிலை ஏறத்தாழ 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 பாகை. தூசித் துகள்களின் மேல் தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, மெத்தனால், அம்மோனியா எல்லாம் பனியாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டால் மூலக்கூறுகள் உடைந்து வேறு விதமாகச் சேரும். இதே கலவையை ஆய்வுக்கூடத்தில் உறைய வைத்து ஒளி பாய்ச்சி, மிஞ்சிய பிசினை அமிலத்தில் காய்ச்சியபோது அமினோ அமிலங்கள் கிடைத்தன. 2002-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் செய்தன. ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா ஆகியவை இத்தகைய மேகங்களில் இருப்பது ரேடியோ தொலைநோக்கிகளால் நேரடியாகவே தெரிகிறது. மளிகைச் சாமான் வந்த கடை இது.

இரண்டாவது, சூரியனைச் சுற்றியிருந்த வாயுத்தட்டு. இங்கே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இரும்புத் துகள்களின் மேற்பரப்பில் வினைபுரிந்து ஹைட்ரோகார்பன்களைத் தரக்கூடும். தொழிற்சாலைகளில் செயற்கை எரிபொருள் செய்யும் ஃபிஷர்-ட்ரோப்ஷ் முறைதான் அது.

மூன்றாவதுதான் அடுப்பு: தாய்ச் சிறுகோள், அதாவது விண்கல் எதிலிருந்து உடைந்து வந்ததோ அந்தப் பெரிய பாறை. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியும் தூசியும் திரண்டு உருவான பாறைக் கோளங்களில் அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. அதன் அரையாயுள் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள். அது சிதையும்போது வரும் வெப்பம் உள்ளேயிருந்த பனியை உருக்கியது. பனியில் அடைபட்டிருந்த சாமான்கள் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கின. அங்கே நடந்ததைத்தான் நீ பாடத்தில் பார்த்திருப்பாய், ஸ்ட்ரெக்கர் தொகுப்பு. 1850-இல் ஸ்ட்ரெக்கர் அலனினைச் செய்த வழி:

அசிட்டால்டிஹைடோடு அம்மோனியா சேர்ந்து, ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி, இமைன் ஆகும். இமைனோடு ஹைட்ரஜன் சயனைடு சேர்ந்து அமினோநைட்ரைல் ஆகும். அது தண்ணீரோடு வினைபுரிந்து, அம்மோனியாவை விட்டுவிட்டு, அலனின் ஆகும். அசிட்டால்டிஹைடுக்குப் பதில் ஃபார்மால்டிஹைடு போட்டால் கிளைசின். அசிட்டோன் போட்டால் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம். பெயிண்ட் கடைக்காரர்களுக்குத் தெரிந்த பியூட்டனோனைப் போட்டால் ஐசோவலின். கடைசி இரண்டும் நம் புரதத்தில் இல்லாதவை, முர்ச்சிசனில் தாராளமாக இருப்பவை.

தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் இதைக் கவனி. அம்மோனியா போதாவிட்டால் அதே ஆல்டிஹைடு நேராக சயனைடோடு சேர்ந்து, கடைசியில் ஹைட்ராக்சி அமிலம் ஆகிவிடும். அலனின் வர வேண்டிய இடத்தில் லாக்டிக் அமிலம் வரும். முர்ச்சிசனில் அமினோ அமிலங்களும் அவற்றுக்கு இணையான ஹைட்ராக்சி அமிலங்களும் ஜோடி ஜோடியாகக் கிடைக்கின்றன. ஸ்ட்ரெக்கர் வழிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஸ்ட்ரெக்கர் எல்லாவற்றையும் விளக்காது. அது ஆல்ஃபா வகையை, அதாவது அமிலக் குழுவை அடுத்த கரியிலேயே அமினோ குழு உட்காரும் வகையை மட்டுமே தரும். 1864-இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் விண்கல்லில், அமினோ குழு இன்னும் ஒரு கரி தள்ளி உட்காரும் பீட்டா-அலனின்தான் முன்னணியில் நிற்கிறது. அதற்கு வேறு பாதை வேண்டும். 2008 அக்டோபர் 7-இல் சூடான் பாலைவனத்துக்கு மேலே வெடித்த அல்மஹாட்டா சிட்டா விண்கல் இன்னும் சிக்கல். அதன் தாய்க்கோள் 1,100 பாகைக்கு மேல் காய்ந்தது. அந்தச் சூட்டில் எந்த அமினோ அமிலமும் தாங்காது. ஆனாலும் உள்ளே இருந்தது. கோள் உடைந்து ஆறும்போது வாயுக்களிலிருந்து புதிதாக உருவாகியிருக்கலாம் என்பது இப்போதைய விளக்கம். ஆக, ஒரே பதிலைத் தேடாதே. எந்தக் கல், எந்த மூலக்கூறு என்று முதலில் கேள்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் தூசியில்லா அறையில் வேலை. ஒரு மனிதன் மூச்சு விட்டாலே எவ்வளவு அழுக்கு என்று எங்களுக்குத் தெரியும். மண்ணில் விழுந்த கல்லில் இருப்பது பூமியின் அழுக்கு இல்லை என்று எப்படி நம்புவது? (தொழில்நுட்பர், பினாங்கு)

பதில்: சரியான ஆள் கேட்கும் சரியான கேள்வி. இந்தத் துறையின் பாதி வேலையே அழுக்கோடு போராடுவதுதான். ஓர்கேய் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் அதில் நுண்ணுயிர் படிவங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றில் சில பூமியின் மகரந்தம் என்று பிறகு தெரிந்தது. இன்னொரு துண்டில் கோரைப்புல் விதைகள் இருந்தன. 1864-இலேயே யாரோ விதையையும் நிலக்கரித் துணுக்கையும் பசை போட்டுப் பதித்திருக்கிறார்கள். அந்தக் குறும்பு நூறாண்டு கழித்துத்தான் பிடிபட்டது.

முர்ச்சிசனுக்கு நேரம் நன்றாக இருந்தது. 1969 ஜூலையில் அப்போலோ 11 கொண்டுவரும் நிலாக்கல்லுக்காக நாசாவின் ஏம்ஸ் மையத்தில் துப்புரவான ஆய்வுக்கூடம் தயாராகியிருந்தது. நிலாக்கல்லில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. செப்டம்பர் 28-இல் முர்ச்சிசன் விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் பொறுக்கினார்கள். விழுந்த இடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் போல வாசம் வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 1970-இல் முடிவை வெளியிட்ட குழுவில் இருந்தவர் சிரில் பொன்னம்பெரும, இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றுவிட்டு வேதியியலுக்குத் தாவியவர்.

இன்றைய செய்முறை ஏறக்குறைய இப்படி. கண்ணாடிக் கலன், பீங்கான் உரல் எல்லாவற்றையும் 500 பாகையில் ஓர் இரவு சுட்டு எடுப்பார்கள். அந்தச் சூட்டில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எரிந்து போகும். கல்லைப் பொடித்து, மிகத் தூய தண்ணீரோடு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, வாயை உருக்கி மூடி, 100 பாகையில் 24 மணி நேரம் வைப்பார்கள். வடித்துப் பார்த்தால் தேத்தண்ணி போலவே இருக்கும். அதில் ஒரு பாதியைக் காயவைத்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் 150 பாகையில் 3 மணி நேரம் காட்டுவார்கள். பிணைந்து கிடக்கும் அமினோ அமிலங்கள் அப்போது விடுபடும். பிறகு அயனிப் பரிமாற்றப் பிசினில் உப்பை நீக்கி, மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பியிலும் அவற்றின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியிலும் ஓட்டுவார்கள். இதற்குப் பக்கத்திலேயே, சுட்டுச் சுத்தமாக்கிய ஒரு பூமிக் கனிமப் பொடியையும் அதே படிகள் அத்தனையிலும் கொண்டுபோக வேண்டும். அதில் கிளைசின் தென்பட்டால் அது கல்லினுடையது இல்லை, உங்கள் கூடத்தினுடையது.

உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒன்று: நைலான். நைலான்-6 தண்ணீரில் சிதைந்தால் ஆறு கரி அணுக்கள் கொண்ட ஓர் அமினோ அமிலம் வரும். நைலான் பையில் வைத்த அண்டார்டிகா விண்கற்களில் அது கொட்டிக் கிடந்தது. அதனால்தான் பென்னு சிறுகோளிலிருந்து மண் எடுத்துவரப் போன நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தைக் கட்டும்போது நைலானைத் தவிர்க்க அவ்வளவு பாடுபட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் கடைசி நீதிபதி ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள். பூமியின் கடல்நீரில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறக்குறைய 156 டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன். முர்ச்சிசனின் அமினோ அமிலங்களை மொத்தமாகப் பிரித்து 1987-இல் அளந்தபோது அது ஏறக்குறைய 370. நைட்ரஜன்-15, கார்பன்-13 இரண்டும்கூடப் பூமியின் உயிர்ப்பொருளில் இருப்பதைவிட அதிகம். விரல் ரேகையிலிருந்து வந்த கிளைசினில் இது சாத்தியமே இல்லை. கன ஹைட்ரஜன் ஏன் கூடுகிறது? மைனஸ் 263 பாகைக் குளிரில், மூலக்கூறுக்குள் போன டியூட்டீரியம் திரும்பி வெளியேறத் தேவையான ஆற்றல் கிடைப்பதில்லை. உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும். ஒரு நுணுக்கம்: அமினோ, அமிலக் குழுக்களில் உள்ள ஹைட்ரஜன் தண்ணீர் பட்டதும் மாறிக்கொள்ளும். கரியோடு நேரே ஒட்டியிருப்பதுதான் பழைய கதையைச் சொல்லும்.

கேள்வி: நெருப்புப் பந்தாக வரும் கல்லில் இதெல்லாம் கருகிப் போகாதா? (வாசகர், கெப்போங்)

பதில்: மேல்தோல் மட்டும் கருகும். உருகிய கல்லைக் காற்று அப்போதைக்கப்போதே உரித்துக்கொண்டு போவதால் வெப்பம் உள்ளே இறங்க நேரமில்லை. எல்லாம் சில விநாடிகள்தான். மிஞ்சும் கருப்பு ஓடு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும்.

கேள்வி: பென்னு சிறுகோளில் டிஎன்ஏ கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? (இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: டிஎன்ஏ கிடைக்கவில்லை அம்மா. அதன் எழுத்துகள் கிடைத்தன. 2023 செப்டம்பர் 24-இல் பூமிக்கு வந்த 121.6 கிராம் பென்னு மண்ணில், டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் வேண்டிய ஐந்து எழுத்துகளும் (வேதியியலில் காரங்கள்), புரதத்தின் 20 அமினோ அமிலங்களில் 14-உம் இருப்பதாக 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். அம்மோனியாவும் உப்புநீர் வற்றியபோது படிந்த உப்புகளும் இருந்தன. அதாவது மேலே சொன்ன அடுப்பு அங்கே எரிந்திருக்கிறது. ஜப்பானின் ஹயபூசா-2 கொண்டுவந்த 5.4 கிராம் ரியூகு சிறுகோள் மண்ணிலும் ஆர்என்ஏவின் எழுத்தான யுராசில் இருந்தது. ஆனால் எழுத்துகள் கோத்துச் சொல்லாகவில்லை.

பென்னுவில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி. உயிர் இடக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறது. முர்ச்சிசனில் ஐசோவலினின் இடக்கை வடிவம் 18 விழுக்காடு வரை கூடுதலாக இருப்பதாக 2009-இல் அளந்தார்கள். ஐசோவலின் கைமாறாத ரகம், காலப்போக்கில் இடக்கை வலக்கையாக மாறுவதில்லை. மற்றவற்றில் கைமாற்றத்துக்கு வழிவிடும் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு மெத்தில் குழு. ஆகவே அந்த மிகுதி பழையதுதான். உயிரின் இடக்கைப் பழக்கமே விண்கல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று பலர் அதை வைத்துப் பேசினார்கள். பென்னுவிலோ இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதி. அந்தக் கருத்து இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகத்தில் இது சம்பந்தமாகச் செய்து காட்ட ஏதாவது? (ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: ஸ்ட்ரெக்கர் வினை வேண்டவே வேண்டாம், சயனைடு விளையாட்டுப் பொருளல்ல. அழுக்கு எப்படி ஒட்டுகிறது என்பதைக் காட்டுங்கள். 0.5 கிராம் நின்ஹைட்ரினை 100 மில்லிலிட்டர் எத்தனாலில் கரையுங்கள். நான்கு வடிதாள்கள். ஒன்று இடுக்கியால் மட்டும் எடுத்தது. இரண்டாவது வெறும் விரல் பட்டது. மூன்றாவது சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த உடனே தொட்டது. நான்காவது, கையுறை போட்ட விரலால் நெற்றியைத் துடைத்துவிட்டுத் தொட்டது. கரைசலைத் தெளித்து, எத்தனால் முழுக்கக் காய்ந்த பிறகு 100 பாகை அடுப்பில் 5 நிமிடம் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் தீப்பிடிக்கும். வியர்வையின் அமினோ அமிலம் பட்ட இடமெல்லாம் ஊதா நிறமாகும். நான்காவது தாளைப் பார்த்து மாணவர்கள் வாய்பிளப்பார்கள்.

தவறு நேரும் இடங்கள்: சூடு அதிகமானால் தாளே பழுப்பேறிக் கறை மறைந்துவிடும். முதல் தாளிலும் ஊதா வந்தால், தாளைப் பொட்டலத்திலிருந்து எடுத்தவர் கையால் எடுத்திருக்கிறார். லேட்டக்ஸ் கையுறை வேண்டாம். ரப்பர் பாலின் புரதம் அதில் மிச்சமிருக்கும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நைட்ரைல் வாங்குங்கள், நம் நாட்டில் அதற்குப் பஞ்சமா? நின்ஹைட்ரின் தோலில் பட்டால் கறை சில நாள் போகாது, பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கால்வாய் தோண்டும்போது கருப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா? பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: பெரும்பாலும் இருக்காது. பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் பல பத்தாண்டுகள் வெள்ளீயம் உருக்கியிருக்கிறார்கள். உலைக் கசடும் கருப்பு, அதுவும் கனம், சிலவற்றில் காந்தமும் ஒட்டும். உடைந்த பக்கத்தைப் பாருங்கள். குமிழ் ஓட்டைகள் இருந்தால் கசடு. கண்ணாடி போலப் பளபளத்தால் கசடாகவோ டெக்டைட்டாகவோ இருக்கலாம். டெக்டைட் என்பது ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மோதலில் உருகித் தெறித்த பூமி மண். நம் வெள்ளீயச் சுரங்கங்களில் கிடைத்ததுண்டு. அமினோ அமிலம் தேட அதில் ஒன்றுமில்லை. குளியலறை ஓட்டின் பின்பக்கம், மெருகில்லாத இடத்தில் உரசுங்கள். செங்காவிக் கோடு விழுந்தால் ஹேமடைட், கரிக்கோடு விழுந்தால் மேக்னடைட், இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள்தான்.

இதையெல்லாம் தாண்டினால் மட்டும் அடுத்த பேச்சு. வலுவான காந்தத்தை இனி ஒட்ட வேண்டாம். கல்லுக்குள் பதிவாகியிருக்கும் பழைய காந்தத் தடத்தை அது அழித்துவிடும். தண்ணீரில் கழுவவே கூடாது. கரி மிகுந்த விண்கற்களில் சில தண்ணீர் பட்டால் களிமண் போல உதிரும். ஓர்கேய் கல்லில் பல ஆண்டு பெட்டியில் இருந்தபோது காற்றின் ஈரத்திலேயே வெள்ளை உப்பு பூத்தது. அதுவும் ஐரோப்பாக் காற்று. நம்மூர்ப் புழுக்கத்தில் கேட்க வேண்டுமா? பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, புதிய அலுமினியத் தாளில் சுற்றி, உலோக மூடி போட்ட சுத்தமான கண்ணாடிச் சீசாவில் வையுங்கள். கூடவே ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், கல்லில் படாமல். எங்கே, எத்தனை அடி ஆழத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு கனிம, புவி அறிவியல் துறையிடமோ பல்கலைக்கழகப் புவியியல் துறையிடமோ காட்டலாம். முதலில் படம் அனுப்புங்கள், கல்லை அனுப்பாதீர்கள். கரிமப் பொருளுக்காகச் சோதிக்கத் தகுந்த கார்பன் வகை, விழுவதைப் பார்த்து எடுத்த விண்கற்களிலேயே நூற்றுக்கு நாலைந்துதான். கால்வாய் மண்ணில் எத்தனை காலம் கிடந்ததோ தெரியாத கல் என்றால், விண்கல்லாகவே இருந்தாலும் அதன் அமினோ அமிலக் கணக்கில் ஆயர் ஈத்தாம் சாக்கடைதான் முதலில் தெரியும்.